துடுப்புக்காரனும் ஒரு வருட விசாவும்

1

நான் கண்டிக்கு வந்து, போன மாதத்தோடு ஒன்பது வருடம் முடிந்துவிட்டது. நாள் மறக்காமல் இருப்பதற்குக் காரணம் விசா. நான் வந்திறங்கிய அதே மாதத்தில்தான் ஒவ்வொரு வருடமும் அது முடிகிறது.

விருதுநகரில் இருக்கும் என் அக்கா இதை வெளிநாடு என்றே ஒத்துக்கொள்வதில்லை. "தமிழ் பேசுறாங்க, இட்லி கெடைக்குது, கோயில் இருக்கு. பக்கத்து ஊருக்கு வாக்கப்பட்டுப் போன மாதிரிதான" என்பாள். அவளுக்கு ஒருமுறை என் கடவுச்சீட்டில் ஒட்டியிருக்கும் விசாவைப் படம் எடுத்து அனுப்பினேன். இலங்கையரின் மனைவி, ஒரு வருடம் தங்கலாம், ஊதியத்துடனோ ஊதியம் இல்லாமலோ எந்த வேலையும் செய்யக்கூடாது. ஊதியம் இல்லாத வேலையைத்தான் காலை ஐந்தரையிலிருந்து செய்துகொண்டிருக்கிறேன் என்று கீழே எழுதினேன். அக்கா சிரிக்கிற முகம் ஒன்றை அனுப்பினாள்.

எங்கள் வீடு கண்டியின் மஹய்யாவையில், வீதியிலிருந்து ஐம்பத்திரண்டு படி ஏறினால் வரும். வீட்டில் மூன்று பேர். நான், எட்டு வயது மகள் மதுரா, பதினாறு மாதத்துக்கு முன் வாதம் வந்து வலது பக்கம் விழுந்துபோன மாமனார். கணவர் சிவா கட்டாரில் ஒரு கட்டட நிறுவனத்தில் கணக்குப் பார்க்கிறார். அவருக்காக என் ஊரை விட்டு நான் வந்த ஊரில் அவர் இல்லை. இதை நகைச்சுவையாகச் சொல்லிப் பழகியிருக்கிறேன்.

2

கல்யாணத்துக்கு முன் சென்னையில் ஆறு வருடம் நான் பார்த்த வேலையை யாருக்கும் விளங்க வைக்க முடிந்ததில்லை. வீடியோ கேம்களை வெளியிடுவதற்கு முன் சோதித்துப் பார்க்கிற வேலை. "விளையாடுறதுக்குச் சம்பளமா" என்று எல்லோரும் கேட்பார்கள். ஒரே கதவை நானூறு தடவை திறந்து பார்ப்பது விளையாட்டு இல்லை. ஒவ்வொரு சுவரிலும் போய் முட்ட வேண்டும். எந்தப் பாறை இடுக்கில் விழுந்தால் ஆளால் திரும்ப ஏற முடியவில்லை என்று கண்டுபிடித்து, அங்கே எப்படிப் போய்ச் சேர்ந்தோம் என்பதை வரிவரியாக எழுதி அனுப்ப வேண்டும். குளிரூட்டிய அறையில் முப்பது பேர் சால்வை போர்த்திக்கொண்டு உட்கார்ந்து அதைத்தான் செய்தோம். என் வாழ்க்கையில் நான் மிகவும் சந்தோஷமாக இருந்த அறை அது.

நாங்கள் சோதித்தது ஒரே ஒரு தொடரை. அதன் பெயரை எங்கும் எழுதக்கூடாது என்று கையெழுத்துப் போட்டிருக்கிறேன். எங்களுக்குள் 'துடுப்புக்காரன்' என்போம். மத்தியதரைக் கடல் பக்கத்துப் பழைய புராணங்களிலிருந்து எடுத்த கதை. போர்க்கப்பலில் சங்கிலியால் கட்டப்பட்டுத் துடுப்பு வலிக்கும் அடிமை ஒருவன். கடல் தெய்வம் அவன் ஊரை மூழ்கடித்துவிடுகிறது. உடைந்த துடுப்பை ஆயுதமாக எடுத்துக்கொண்டு அவன் கிளம்புகிறான்.

முதல் பாகத்தை நான் விருதுநகரில் ஓர் இணைய மையத்தில், பையன்களுக்கு நடுவில் ஒற்றைப் பெண்ணாக உட்கார்ந்து விளையாடியிருக்கிறேன். திரை முழுக்க ரத்தம். கேமரா எங்கோ உயரத்தில் நிற்கும், அவன் எறும்பு மாதிரி தெரிவான். ஒரு கதவைத் தூக்க வேண்டும் என்றால் ஒரே பொத்தானை விரல் வலிக்க வலிக்கத் தட்ட வேண்டும். இரண்டாம் பாகத்தில் அவன் கடல் தெய்வத்தின் இரண்டு கண்களையும் பிடுங்கினான். மூன்றாவதில் தெய்வங்களின் மலையையே இடித்தான். சண்டை போட இனி யாரும் இல்லை என்றான பிறகு நான்காவதை எடுத்தார்கள், அது ஓடவில்லை. நான் வேலைக்குச் சேர்ந்தது அந்தத் தோல்வியில்தான்.

ஐந்தாம் பாகத்தில் எல்லாவற்றையும் மாற்றினார்கள். கேமரா கீழே இறங்கி அவன் தோளுக்குப் பின்னால் வந்து நின்றது. அவனுக்கு வயதாகியிருந்தது. ஒரு சின்னப் படகு. அதில் அவனோடு உட்கார்ந்திருப்பது அவனிடம் கண்களைப் பறிகொடுத்த அதே கடல் தெய்வம். வேறு வழியில்லாமல் இரண்டு பேரும் சேர்ந்து போகிறார்கள். குருடர் காதால் கேட்டுத் திசை சொல்வார், இவன் வலிப்பான். இரண்டு பேரும் மன்னிப்புக் கேட்டுக்கொள்வதே இல்லை.

பொத்தான்களும் மாறின. தட்டிக்கொண்டே இருக்க வேண்டாம், அழுத்திப் பிடித்தால் போதும். ஒரு கை இல்லாதவர்களும் விளையாடும்படி தனியாக ஓர் ஏற்பாடு வந்தது. அந்த ஏற்பாட்டைச் சோதித்தவள் நான்தான். வலது கையைத் துப்பட்டாவால் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு ஐந்து மாதம் இடது கையால் மட்டும் விளையாடினேன். மதியச் சாப்பாட்டுக்குக்கூடச் சில நாள் கட்டை அவிழ்க்க மறந்திருக்கிறேன். அந்த வேலை முடிந்த மாதம்தான் எனக்கும், சென்னைக்குக் கணக்கியல் படிக்க வந்திருந்த சிவாவுக்கும் கல்யாணம் ஆனது.

3

மாமா மாநகர சபையில் தலைமை எழுதுவினைஞராக, நம் ஊர்க் கணக்கில் தலைமைக் குமாஸ்தாவாக, இருந்து ஓய்வு பெற்றவர். நான் வந்த முதல் வாரத்தில், விருந்தாளிகள் வந்திருந்தபோது, "கதிரையக் கொண்டு வந்து போடு" என்றார். எனக்குக் கதிர் தெரியும், கதிரவன் தெரியும். கதிரை தெரியாது. கொஞ்ச நேரம் நின்று பார்த்துவிட்டு சன்னல் திரையை இழுத்து விட்டேன், வெயிலைச் சொல்கிறார் என்று நினைத்து. அவர் எழுந்துபோய் நாற்காலியைத் தானே தூக்கி வந்து போட்டார். "இந்தியாவுலேர்ந்து வந்திருக்கு, தமிழ் வெளங்காது" என்று விருந்தாளிகளிடம் சொன்னார்.

அதன் பிறகு அவருக்கு நான் இந்தியாக்காரிதான். "இந்தியாக்காரிட்ட தேத்தண்ணி கேளு" என்று சிவாவிடம் சொல்லுவார். அவருடைய பிறப்புச் சான்றிதழில் இனம் என்ற இடத்தில், தோட்ட வேலைக்கு வந்தவர்களின் வம்சத்துக்குப் போடுவதுபோல, இந்தியத் தமிழர் என்று இருப்பதை ஒருநாள் அலுமாரியைத் துடைக்கும்போது பார்த்தேன். சிவாவிடம் காட்டினேன். "அப்பாட்ட சொல்லிறாத" என்றார்.

மதுரா இங்கேயே பிறந்தவள். பள்ளியில் ஆங்கிலம், தோழிகளோடு சிங்களம், தாத்தாவோடு கண்டித் தமிழ். என்னோடு பேசும்போது மட்டும் ஒரு வினாடி யோசித்து வார்த்தையை மாற்றுவாள். ஒருமுறை அவள் தோழிகளின் அம்மாக்களிடம் நான் பேசிக்கொண்டிருந்தபோது என் சேலையை இழுத்து, "அம்மா, ஆக்களுக்கு முன்னால இந்தியா மாதிரி கதைக்காதீங்க" என்றாள். மற்றவர்களுக்குக் கேட்காதபடி மெதுவாகத்தான் சொன்னாள். அந்த நாகரிகம்தான் எனக்கு வலித்தது.

4

வாதம் வந்தபோது மாமாவுக்கு வலது கையும் காலும் போயின. பேச்சும் பெரும்பாலும் போனது. ஆஸ்பத்திரியில் ஒரு மாதம் இருந்து வீட்டுக்கு வந்த பிறகு அவர் வாசலைத் தாண்டவில்லை. படிகளில் தூக்கி இறக்க வேண்டும், தெருவில் தெரிந்தவர்கள் பார்ப்பார்கள். முப்பது வருடம் தேய்த்த சட்டை போட்டு அந்தப் படிகளில் இறங்கியவர். சிகிச்சைக்குக்கூடப் போக மறுத்தார். நாவலப்பிட்டியிலிருந்து அவர் மகள் வந்து கூப்பிட்டுப் பார்த்தாள். தலையை ஆட்டிவிட்டார்.

சிவா மதுராவுக்கு அனுப்பியிருந்த கேம் பெட்டியில் துடுப்புக்காரனின் ஐந்தாம் பாகம் இருந்தது. ஒரு மழை நாளில் அவள் விளையாட, மாமா கட்டிலிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தார். நான் எதையோ எடுக்கப் போனபோது அவர் இடது கை போர்வையின் மேல் அசைவதைப் பார்த்தேன். கட்டைவிரல், துடுப்பு வலிக்கும் தாளத்தில்.

ஒரு கை ஏற்பாட்டைத் தேடி எடுத்தேன். எந்தப் பட்டியலில் எத்தனையாவது வரி என்று என் விரலுக்கு மறக்கவில்லை. கட்டுப்படுத்தும் கருவியை ஒரு தலையணை மேல் வைத்து அவர் இடது கைக்குக் கீழே தள்ளினேன்.

"எனக்கு... என்னத்துக்கு" என்றார்.

"சும்மா புடிங்க மாமா. ஆஸ்பத்திரில பந்து குடுத்தாங்கல்ல, அது மாதிரிதான்."

முதல் நாள் படகைக் கரையிலிருந்து நகர்த்தவே ஒரு மணி நேரம் ஆனது. இரண்டாவது நாள் நான் கேட்பதற்கு முன்னால் தலையணையைக் காட்டினார். அதன் பிறகு தினமும் மாலை, மதுராவின் வீட்டுப்பாடம் முடிந்ததும், நாங்கள் மூன்று பேரும் கட்டில் ஓரத்தில் உட்காருவோம். அவர் வலிப்பார், மதுரா வழி சொல்வாள். அவர் மாட்டிக்கொண்டால் நான் சொல்வேன். "மாமா, அந்தப் பாறைக்குப் பின்னால போகாதீங்க, விழுந்தா ஏற ஏலாது." ஏலாது என்று இந்த ஊர்ப் பேச்சு என் வாயில் வந்ததைக் கேட்டு அவர் திரும்பிப் பார்த்தார்.

நான்கு மாதத்தில் அதை முடித்தார். முடிந்ததும் வேலை செய்தவர்களின் பெயர்கள் வரிசையாக மேலே போயின. நான் பார்த்ததில்லை, வெளியாவதற்கு முன்பே இங்கே வந்துவிட்டேன். எழுத்துகள் சின்னதாகிக்கொண்டே போயின. எழுதுவினைஞராக இருந்தவர், சின்ன எழுத்து அவருக்குப் பழக்கம். இடது கையைத் திரையை நோக்கி நீட்டி, "தே... தேன்மொழி" என்றார்.

ஒன்பது வருடத்தில் என் பெயரை அவர் சொல்லி நான் கேட்டது அன்றுதான்.

5

மூன்று மாதத்துக்கு முன் ரேவதி அழைத்தாள். சென்னையில் எனக்கு மேலாளராக இருந்தவள்.

"ஆறாம் பாகம் வருது. ஒத்தக் கை ஏற்பாட்டை மொத்தமா மாத்துறாங்க. அத உன்ன மாதிரி பாத்தவங்க இங்க யாருமே இல்ல தேனு. நாலு மாசம். வர்றியா?"

"இங்கேர்ந்து பண்ண முடியாதா?"

"வெளிவராத கேம், கட்டடத்த விட்டு வெளிய போகாது. உனக்குத் தெரியாததா."

எனக்குத் தெரியும். இங்கே உட்கார்ந்து செய்தாலும் விசாப்படி குற்றம் என்பதும் தெரியும். சிவாவிடம் சொன்னேன். அவர் திட்டவில்லை. "அப்பாவ யார் பாக்கிறது? தங்கச்சி ரெண்டு கைப்பிள்ளையோட இருக்கா. எனக்கு இந்த வருசம் லீவே இல்ல" என்றார். எல்லாம் உண்மை. பிறகு, "நீ போனா திரும்பி வருவியா?" என்று கேட்டார். சட்டென்று வருவேன் என்று சொல்லியிருக்க வேண்டும். வாயில் வரவில்லை. இணைப்பு சரியில்லை என்று இரண்டு பேரும் சொல்லிக்கொண்டோம்.

மதுராவிடம் கேட்டேன், நாலு மாதம் அம்மாவோடு சென்னைக்கு வருகிறாயா என்று. "நீங்க போங்க அம்மா. நா தாத்தாவோட நிக்கிறன்" என்றாள், வண்ணம் தீட்டுவதை நிறுத்தாமல்.

விசா நீட்டிக்கும் நேரம் வந்தது. வழக்கமாகச் சிவா வந்து கூட நிற்பார். இந்த முறை வர முடியாததால் கட்டாரில் உள்ள தூதரகத்திலேயே உறுதிப்படுத்தி ஒரு கடிதம் அனுப்பினார். அதில் என் பெயர் பிழையாக இருந்தது. நம் ஊரில் ஆங்கிலத்தில் எழுதும்போது ழகரத்துக்கு இசட்டும் எச்சும் போடுவோம். இங்கே எல் போடுவார்கள். என் கடவுச்சீட்டில் ஒரு விதம், கடிதத்தில் வேறு விதம்.

பார்த்தவுடனே தெரிந்தது. ஆறு வருடம் இதற்குத்தான் சம்பளம் வாங்கினேன். ஒரு தொலைபேசி அழைப்பில் திருத்தியிருக்கலாம். மாமாவின் மேசையில் வைத்து எல்லாத் தாள்களையும் அடுக்கி, அந்தக் கடிதத்தையும் நடுவில் வைத்து, உறையை ஒட்டினேன்.

இதை எழுதத்தான் இத்தனை நாள் தயங்கினேன். விசா கிடைக்காமல் போனால் நான் போய்த்தான் ஆக வேண்டும். நான் விட்டுவிட்டுப் போனதாக யாரும் சொல்ல முடியாது. மாமாவுக்கு என்ன வழி என்று யோசிக்க வேண்டியது வேறு யாராவதாக இருக்கும். ரேவதிக்கு, "ஒரு மாசம் பொறு, அனேகமா வந்துருவேன்" என்று செய்தி அனுப்பினேன்.

மூன்று வாரம் கழித்துக் கொழும்பிலிருந்து அழைத்தார்கள். பெயர் பொருந்தவில்லை, கணவர் நேரில் வர வேண்டும், முடியாவிட்டால் அதே முகவரியில் இருக்கும் கணவரின் நெருங்கிய உறவினர் அடையாள அட்டையோடு வந்து உறுதி சொல்ல வேண்டும். தொலைபேசியை வைத்துவிட்டு மாமாவிடம் சொன்னேன். என் குரலில் கவலை இருக்கும்படி பார்த்துக்கொண்டேன். அந்த வீட்டில் வேறு உறவினர் இல்லை. இவர் வாசலைத் தாண்டிப் பதினைந்து மாதம் ஆகிறது.

மறுநாள் காலை நான் கஞ்சி கொண்டு போனபோது, "சட்டை" என்றார் மாமா. அலுமாரியைக் காட்டினார். "வெள்ள... சட்டை. தேய்."

6

கீழ்வீதியில் இருக்கும் நஸீர் நானாவிடம் வேன் இருக்கிறது. அவரும் அவர் மகன்மார் இரண்டு பேரும் வந்து மாமாவைக் கதிரையோடு தூக்கினார்கள். ஐம்பத்திரண்டு படி. வீட்டு வாசல்களில் ஆட்கள் நின்றார்கள். மாமா கண்ணை மூடிக்கொள்ளவில்லை. சாரை இங்கே சேர் என்பார்கள். ஒருவர் "சேர், எப்பிடி சுகம்?" என்று கேட்டபோது இடது கையைத் தூக்கினார். முகம் சிவந்து வியர்த்திருந்தது.

"சேர் வெளிய வந்தது போதும், இனி பாருங்க, கிரவுண்டுக்கே போவாரு" என்றார் நஸீர் நானா. நான் பின்னால் தாள்கள் இருந்த கோப்பைப் பிடித்துக்கொண்டு இறங்கினேன். தயவுசெய்து திரும்பிப் போகலாம் என்று சொல்லுங்கள் என்று மனதுக்குள் அவரைக் கெஞ்சிக்கொண்டிருந்தேன்.

கொழும்பு அலுவலகத்தில் இரண்டு மணி நேரம் காத்திருந்தோம். அதிகாரி நல்ல மாதிரியான இளம்பெண். மாமாவின் அடையாள அட்டையை வாங்கிப் பார்த்துவிட்டு, என்னைக் காட்டி, "மே கவுத?" என்று கேட்டாள். இது யார்.

மாமா வாயைத் திறந்தார். வார்த்தை வரவில்லை. தமிழிலேயே வராத வார்த்தை சிங்களத்தில் எப்படி வரும். நான் பதில் சொல்லப் போனேன், அவள் கையை உயர்த்தி நிறுத்தினாள். அவர்தான் சொல்ல வேண்டும். வரிசையில் எல்லோரும் பார்த்தார்கள். அவர் கழுத்து நரம்பு புடைத்தது.

"துவ" என்றார். மகள். "மகே... துவ."

"லேலி நேத?" என்றாள் அவள். மருமகள்தானே.

மாமா மறுபடியும் "துவ" என்றார்.

அந்தப் பெண் சிரித்துவிட்டு, தன் கணினியில் மருமகள் என்று அடித்தாள். மாமா இடது கையால் கையெழுத்துப் போட்டார். பள்ளிப் பிள்ளையின் எழுத்து மாதிரி இருந்தது, ஆனால் கோட்டுக்கு மேலேயே நின்றது. மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு கடவுச்சீட்டு கைக்கு வந்தது. ஒரு வருடம். வேலை செய்யக்கூடாது.

எனக்கு அழுகை வந்தது. நிறுத்த முடியவில்லை. அந்த அதிகாரி எழுந்து வந்து என் தோளில் தட்டினாள். பக்கத்தில் இருந்த ஓர் அம்மா தண்ணீர் கொடுத்தாள். எல்லோருக்கும் கண் கலங்கியிருந்தது. வேனில் ஏறியதும் ரேவதிக்கு, 'விசா கிடைத்துவிட்டது' என்று எழுதினேன். 'வாழ்த்துகள்' என்று பதில் வந்தது. அவள் வேறு என்ன எழுதுவாள்.

7

கண்டிக்குத் திரும்பும் வழியில் கடுகண்ணாவை மலையில் ஏறும்போது மழை பிடித்தது. நஸீர் நானா ஒரு கடை ஓரத்தில் வேனை நிறுத்திவிட்டுத் தேநீர் வாங்கப் போனார். நானும் மாமாவும் மட்டும் இருந்தோம். கண்ணாடியில் மழை வழிந்துகொண்டிருந்தது.

"மாமா" என்றேன். "விசா கெடைக்கக்கூடாதுன்னுதான் நெனச்சேன்."

அவர் திரும்பவில்லை. "தெரியும்."

"எப்பிடி?"

"கடிதம்" என்றார். வார்த்தைகளைத் தேடித் தேடி எடுத்தார். "பேர்... பிழை. நீ... பாக்காம... விட மாட்ட."

மேசையில் நான் தாள்களை அடுக்கிக்கொண்டிருந்தபோது அவர் கட்டிலில் இருந்து பார்த்துக்கொண்டிருந்தார். முப்பது வருடம் மற்றவர்களின் கடிதங்களில் பிழை பார்த்தவர்.

"தெரிஞ்சும் ஏன் வந்தீங்க?"

"பயம்" என்றார். "நீ போனா... பயம்."

கோபம் வந்தது. அவ்வளவு பேருக்கு நடுவில் அவர் சொன்ன அந்த வார்த்தைக்காக வேன் ஏறியதிலிருந்து நான் உருகிக்கொண்டிருந்தேன். "என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்ல" என்றேன். என் குரல் உயர்ந்துவிட்டது. "போகாதன்னு சொல்லியிருக்கலாம். இப்பிடி ஆளத் தூக்கிட்டு வந்து கையெழுத்துப் போட்டு, எல்லார் முன்னாலயும்..."

"கேட்டா" என்றார் மாமா, "போயிருப்ப."

அது சரிதான். போகாதே என்று கேட்டிருந்தால் அந்தக் கோபத்தையே சாக்காக வைத்துக் கிளம்பியிருப்பேன். நான் சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். கடிதத்தை நடுவில் வைத்து ஒட்டிய நான் அவரைக் கேள்வி கேட்க என்ன இருக்கிறது என்றும் தோன்றியது. இருந்தாலும் கோபம் போகவில்லை, இன்னும் முழுதாகப் போகவில்லை.

நஸீர் நானா மூன்று கோப்பைத் தேநீரோடு வந்தார். மாமாவின் கோப்பையை வாங்கி ஊதி, அவர் இடது கையில் கொடுத்தேன். சட்டையில் கொஞ்சம் சிந்தியது. துடைத்துவிட்டேன். வேன் கிளம்பியது.

பேராதனை தாண்டிய பிறகு மாமா பேசினார்.

"அடுத்த வருசம்... நா வரமாட்டன்."

"எங்க சேர் வரமாட்டீங்க?" என்று முன்னாலிருந்து கேட்டார் நஸீர் நானா. "எங்க கூப்பிட்டாலும் நா தூக்கிட்டுப் போறன்."

மாமா என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார். அடுத்த வருட விசாவுக்குக் கையெழுத்துப் போட வரமாட்டார், அது எனக்கு விளங்கியது. எனக்கு அவர் விடை கொடுக்கிறாரா, தனக்கு ஒரு வருடம் கேட்கிறாரா என்பது மட்டும் விளங்கவில்லை. நான் கேட்கவும் இல்லை.

"சரி மாமா" என்றேன்.